செங்கோட்டை வட்டார ஓய்வூதியர் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நம் சங்கம் செங்கோட்டையில் நடத்தும் வட்டாரக் கூட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். நாள், மண்டபம், தொடர்புக்குரியவர் ஆகிய விவரங்கள் அழைப்புக் கடிதத்தில் உள்ளன. கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எந்தக் கேள்வியின் பின்னால் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கிறதோ அதற்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கூட்டம் யாருக்காக நடத்தப்படுகிறது?

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பகுதிகளிலும், மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பகுதிகளிலும் குடியிருக்கும் தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கும், அவர்கள் மறைந்தபின் ஓய்வூதியம் பெறும் குடும்பத்தினரான குடும்ப ஓய்வூதியர்களுக்கும் உரியது. ஆசிரியர், காவலர், வருவாய்த் துறையினர், சாலைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர் என்ற வேறுபாடு எதுவும் இல்லை. உறுப்பினர் அல்லாதவர்களும் உதவி மேசைக்கு வரலாம். சந்தா கட்டினால்தான் காகிதத்தைப் பார்ப்போம் என்று எவரையும் திருப்பி அனுப்பியதில்லை, இனியும் அனுப்ப மாட்டோம்.

மாவட்டத் தலைநகரான தென்காசியை விட்டுவிட்டு ஏன் செங்கோட்டையில் நடத்துகிறீர்கள்?

தென்காசி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கு மண்டபங்களும் அதிகம். ஆனால் இந்தக் கூட்டம் அதிகம் தேவைப்படுவோர் எல்லைக்கு அப்பால் வாழ்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவு உள்ளிட்ட மலைப்பகுதி கேரளத்தில் நின்றது. நிர்வாகம் பிரிந்தாலும் உறவுகள் பிரியவில்லை. செங்கோட்டையில் பிறந்து புனலூரில் பெண் கொடுத்தவர்களும், தென்காசியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்குப் பின் கொல்லத்தில் மகன் வீட்டில் தங்கியிருப்பவர்களும் ஏராளம். அவர்களுடைய ஓய்வூதியம் தமிழ்நாட்டுக் கருவூலத்திலிருந்து வருகிறது. ரேஷன் அட்டை, ஆதார் முகவரி, மருத்துவமனை ஆகியவை கேரளத்தில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல்கள் முளைக்கின்றன. புனலூரிலிருந்து ஒரே வண்டியில் வந்து இறங்கக்கூடிய முதல் தமிழ்நாட்டு நகரம் என்பதால் செங்கோட்டையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஓய்வூதியர் தினமான டிசம்பர் 17 அன்று ஏன் கூட்டத்தை வைக்கக் கூடாது?

அந்த நாளின் பெருமையை நன்கு அறிந்தே இந்த முடிவை எடுத்தோம். 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, டி.எஸ். நகாரா தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கித் தரும் கருணைத் தொகை அன்று, ஊழியர் உழைத்து ஈட்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர்கள், பின் ஓய்வு பெற்றவர்கள் என்று பிரித்து, திருத்திய ஓய்வூதியத்தை ஒரு சாராருக்கு மட்டும் கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. இன்று நாம் எந்த அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேசினாலும் அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் பேசுகிறோம்.

ஆயினும் செங்கோட்டைக்கு டிசம்பர் ஏற்ற மாதமாக இல்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் எல்லைச் சாவடி உள்ள புளியரை வழியாக ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் இடைவிடாமல் செல்கின்றன. குற்றாலத்தில் அறை கிடைப்பதும் ரயிலில் இடம் கிடைப்பதும் கடினம். அதைவிட முக்கியமானது வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17 அன்றுதான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எழுபதும் எண்பதும் கடந்தவர்களை அந்தப் பருவத்தில் மலைப்பாதையில் வரச் சொல்வது பொறுப்பான செயல் ஆகாது. சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன் கூட்டம். எனவே பிப்ரவரி. டிசம்பர் 17 அன்று அந்தந்த ஊர்க் கிளைகள் சிறிய அளவில் கூடிக் கொள்கின்றன.

அன்று என்ன நடக்கும்? பேச்சுகளா, வேலையா?

முதலில் வேலை. காலையில் மண்டபம் திறந்தவுடன் உதவி மேசைகள் இயங்கத் தொடங்கும். மதியம் வரை அவற்றுக்கே முதலிடம். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றுக்கு ஒரு மேசை, பெயர் மற்றும் பிறந்த தேதித் திருத்தத்துக்கு ஒரு மேசை, குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு மேசை, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு மேசை. உணவுக்குப் பிறகு தீர்மானங்களும் உரைகளும். உரைகள் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று பேச்சாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்கிறோம். மாலை போடுதலும் பொன்னாடையும் இல்லாமல் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அந்தச் செலவில் இன்னும் ஒரு கணினியும் அச்சுப்பொறியும் வாடகைக்கு எடுக்கலாம்.

மனைவியையும் அழைத்து வரலாமா? அவருக்கு இதெல்லாம் தெரியாதே?

தெரியாது என்பதால்தான் அழைத்து வர வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நாம் உயிரோடு இருக்கும்வரை ஓய்வூதியம் மாதக் கடைசியில் தானாக வங்கிக்கு வந்து விழுகிறது. நாம் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அப்படித் தானாக வருவதில்லை. துணைவர் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, ஓய்வூதியக் கொடுப்பாணை (ஓய்வூதியம் வழங்க உத்தரவிடும் ஆவணம்), தம்முடைய அடையாளச் சான்றுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கருவூலத்தில் கொடுக்க வேண்டும். துக்கத்தின் நடுவில், முன்பின் பார்த்திராத ஓர் அலுவலகத்தில், கொடுப்பாணை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு பெண் நிற்பதைப் பணிக்காலத்தில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் கணவர் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பார். எங்கே என்று சொல்லி வைத்திருக்க மாட்டார்.

கடந்த கூட்டம் ஒன்றில், சாலைப் பணியாளராக இருந்து மறைந்தவரின் மனைவி, மகளோடு புனலூரிலிருந்து வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். அதற்குள் கொடுப்பாணை, நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பு கிழிந்துவிடக் கூடாது என்று அதே மடிப்போடு பிளாஸ்டிக் உறை ஒட்டப்பட்டிருந்தது. எண்ணைப் படிக்க முடியவில்லை. கணவரின் பழைய வங்கிப் புத்தகத்தில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கணவர் இறந்து ஓராண்டு ஆகியும் அதுவரை அவர் ஒரு விண்ணப்பமும் கொடுத்திருக்கவில்லை. ஓய்வூதியம் கணவரோடு முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்.

ஆகவே துணைவரோடு வாருங்கள். குடும்ப ஓய்வூதிய மேசையில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, கொடுப்பாணையில் துணைவர் பெயர் சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் உயிரோடிருப்பவர் தொடர்ந்து இயக்கும் வகையில் இருக்கிறதா என்று பார்ப்போம். குடும்ப ஓய்வூதியம் முதலில் சில ஆண்டுகள் கூடுதல் விகிதத்திலும் பின்னர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற அளவிலும் கணக்கிடப்படுகிறது. அதன்மேல் அகவிலைப்படி உண்டு. இதைத் தவிர, மாதந்தோறும் நம் ஓய்வூதியத்தில் பிடிக்கப்படும் குடும்பப் பாதுகாப்பு நிதிக்காக 50,000 ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் உறுப்பினர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். சம்பாதிக்க இயலாத நிலையில் உள்ள அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருக்கும் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதியில் இடமிருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரையும் மருத்துவச் சான்றையும் பெற்றோர் இருக்கும்போதே பதிவில் ஏற்றிவிட்டால், பின்னாளில் அவரைப் பார்த்துக் கொள்ளும் உறவினர் அலைய வேண்டியிருக்காது.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

ஓய்வூதியக் கொடுப்பாணை அசல், ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைக்கப்பட்ட எண் உள்ள கைபேசி. துணைவரின் ஆதாரும் பானும். மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். அருகில் நகலகம் உண்டு என்றாலும் அன்று அங்கே கூட்டம் அதிகமாகிவிடும். கொடுப்பாணைக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள். ஓய்வூதியம் திருத்தப்படும்போதும் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும்போதும் அதில் குறிப்பு எழுத வேண்டியிருக்கும். தாராளமான அளவுள்ள ஒரு காகித உறையில் மடிக்காமல் வைத்தால் போதும்.

என் மனைவியின் பெயர் கொடுப்பாணையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கிறது. இதனால் தொல்லை வருமா?

வரும். எல்லைப் பகுதியில் இது மிகவும் பரவலான சிக்கல். ஓர் எடுத்துக்காட்டு: கொடுப்பாணையில் 'பகவதி' என்று இருக்கும். மகள் வீட்டுக்குப் போன பிறகு கேரளத்தில் முகவரி மாற்றியபோது, அங்குள்ள வழக்கப்படி ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். தமிழ்நாட்டில் 'B' எழுத்தில் தொடங்கிய பெயர் அங்கே 'Bh' என்று தொடங்கும். முன்னால் இருந்த தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். வங்கியில் 'பகவதியம்மாள்' என்றிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது. மின்னணு வாழ்நாள் சான்றும் வங்கிச் சரிபார்ப்பும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்றுதான் பார்க்கின்றன.

எதைத் திருத்துவது என்பதில் அவசரப்படக் கூடாது. கொடுப்பாணையைத் திருத்துவதானால், ஓய்வு பெற்ற அலுவலகம் வழியாக மாநிலக் கணக்காயர் வரை போக வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே கொடுப்பாணையில் உள்ள எழுத்தை அடிப்படையாகக் கொண்டு ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்கேற்பத் திருத்துவதே பெரும்பாலானவர்களுக்கு எளிய வழி. கொடுப்பாணையிலேயே பெயர் முற்றிலும் தவறாக இருந்தால், அல்லது துணைவர் பெயரே விடுபட்டிருந்தால், அதை மட்டும் மேலே எழுதித் திருத்த வேண்டும். ஓய்வூதியர் கையெழுத்திடக்கூடிய நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மலையாளத்தில் உள்ள சான்றுகளைப் படித்து விளக்க இரு உறுப்பினர்கள் அந்த மேசையில் இருப்பார்கள்.

கேரளத்தில் குடியிருக்கிறேன். ஆண்டு நேர்காணலுக்குத் தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு நேரில் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்வதுதான் நேர்காணல்; அதற்கு வாழ்நாள் சான்றே போதும். 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்று முறை நாடு முழுவதும் செல்லும். கைரேகை வைத்தோ, கைபேசியில் முகத்தைக் காட்டியோ சான்று அளிக்கலாம். வயது காரணமாக ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டும் முறை பெரிய வரம். ரப்பர் பால் வெட்டியும் வயல் வேலை செய்தும் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுத்து, மூன்று நான்கு முறை திரும்பிப் போனவர்கள் இப்போது சில நிமிடங்களில் முடித்துக் கொள்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவையாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் செய்து தருகிறார். புனலூர்த் தபால்காரரிடமும் இதைக் கேட்கலாம்.

எந்த மாதத்தில் கொடுப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணலுக்குச் சென்றார்கள். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதமே நேர்காணல் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். அவர்களில் 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பக்கத்து வீட்டு ரயில்வே ஓய்வூதியர் நவம்பரில் கொடுத்தார் என்பதற்காக நீங்களும் நவம்பர்வரை காத்திருந்தால், உங்கள் ஓய்வூதியம் அதற்குள் நின்றிருக்கும். குடும்ப ஓய்வூதியர்கள் தமக்குரிய மாதத்தை மேசையில் கேட்டு, கொடுப்பாணை வைத்திருக்கும் உறையின் மேலேயே எழுதிக்கொண்டு போகுமாறு கேட்டுக் கொள்கிறேன்.

மருத்துவக் காப்பீடு திருவனந்தபுரத்தில் செல்லுமா? அவசரத்துக்கு அங்கேதானே ஓடுகிறோம்?

இதயம், மூளை, புற்றுநோய் என்றால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம், மருத்துவக் கல்லூரி என்று திருவனந்தபுரத்தை நாடுவது இப்பகுதியில் தலைமுறை வழக்கம். நம் காப்பீடு 2022 ஜூலை 1 அன்று நான்கு ஆண்டுக் காலத்துக்குத் தொடங்கியது. அந்தக் காலத்துக்கு, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரையிலும் வரம்பு. அந்தக் காலத்துக்கான மாதச் சந்தாவாக 497 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது; அது ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்படும். காப்பீட்டுக் காலம் மாறும்போது வரம்பும் சந்தாவும் மருத்துவமனைப் பட்டியலும் மாறும். ஆகவே பழைய பட்டியலை நம்பிப் புறப்பட வேண்டாம்.

பணம் கட்டாமல் சிகிச்சை பெற வேண்டுமானால் மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டே போக வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், செலவைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கிறது. அதற்கு அசல் ரசீதுகளும், வீடு திரும்பும்போது தரும் மருத்துவச் சுருக்கமும், அவசரச் சேர்க்கைதான் என்பதற்கான மருத்துவரின் குறிப்பும் தேவை. இந்தக் குறிப்பை மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னர் இதற்காகவே மலை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கேரள அரசின் மெடிசெப் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அதே 2022 ஜூலை 1 அன்றுதான் தொடங்கியது. அது கேரள அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உரியது. கேரளத்தில் குடியிருக்கிறோம் என்பதால் நமக்கு அதில் இடம் கிடையாது.

உறவினர் கேரள மருத்துவமனையில் இறந்தால் இறப்புச் சான்றை எங்கே வாங்குவது?

இறப்பு நிகழ்ந்த இடத்தின் உள்ளாட்சி அமைப்பில்தான் பதிவு செய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தகனம் செங்கோட்டையில் நடந்திருந்தாலும் செங்கோட்டை நகராட்சி சான்று தர இயலாது. 21 நாட்களுக்குள் பதிவு செய்வது நல்லது. கருவூலத்துக்கும் வங்கிக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இறப்புக்குப் பின் கணக்கில் வந்துவிழும் ஓய்வூதியத்தைப் பிள்ளைகள் அறியாமல் எடுத்துவிட்டால், அதைத் திரும்பக் கட்ட வேண்டும். குடும்ப ஓய்வூதியமும் அதுவரை இழுபடும்.

அம்மாவுக்கு 80 வயது ஆகிவிட்டது. கூடுதல் ஓய்வூதியம் வரவில்லையே?

80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு, 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயது நிறைந்தால் 100 விழுக்காடு என்று அடிப்படை ஓய்வூதியத்தின்மேல் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பணியாற்றியவரின் பிறந்த தேதி பணிப் பதிவேட்டில் இருக்கும். மனைவியின் பிறந்த தேதி பல பழைய கொடுப்பாணைகளில் இராது. தேதி இல்லாவிட்டால் கருவூலக் கணினி தானாகக் கூட்டித் தராது. சான்றோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

சான்று தேடும்போது திருவிதாங்கூர்க் காலத்தை நினைவில் கொள்ளுங்கள். நம் பகுதியில் முதியவர்களின் ஜாதகமும் பழைய பள்ளிப் பதிவும் கொல்லம் ஆண்டில் இருப்பது வழக்கம். ஆவணித் தொடக்கம் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிவு வரை பிறந்தவர்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1120 ஆவணியில் பிறந்தவர் 1944இலும், அதே 1120 மாசியில் பிறந்தவர் 1945இலும் பிறந்தவர். ஜாதகத்தை மட்டும் வைத்துக் கருவூலம் எதையும் செய்யாது என்றாலும், பள்ளியில் எந்த ஆண்டுப் பதிவேட்டைத் தேடச் சொல்ல வேண்டும் என்பதை அது காட்டிக் கொடுக்கும். பள்ளிக்கே போகாதவர்களுக்குப் பான் அட்டை, வாக்காளர் அட்டை முதலியவற்றில் உள்ள தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து வழி சொல்கிறோம்.

தொகுத்துப் பெற்ற ஓய்வூதியம் கேரளத்தில் 12 ஆண்டில் திரும்புகிறதாமே, நமக்கு ஏன் 15?

உண்மைதான். கம்யூடேஷன் என்று நாம் சொல்லும், ஓய்வு பெறும்போது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் தொகையைத் தமிழ்நாட்டில் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுகிறோம். அதை ஈடுசெய்ய மாத ஓய்வூதியத்தில் பிடித்தம் 15 ஆண்டுகள் நடக்கிறது. கேரளத்தில் 40 விழுக்காடு வரை தொகுத்துப் பெறுகிறார்கள். 12 ஆண்டில் முழு ஓய்வூதியம் மீள்கிறது. 27,000 ரூபாய் ஓய்வூதியம் உள்ளவருக்கு மாதம் 9,000 பிடிக்கப்படுகிறது என்றால், அந்த மூன்று ஆண்டு வேறுபாட்டின் மதிப்பு 3,24,000 ரூபாய். அறுபது வயதில் ஓய்வு பெறுபவருக்கு அது 72 முதல் 75 வயது வரையிலான காலம். மருந்துச் செலவு ஏறும் காலம். புளியரைச் சாவடிக்கு அந்தப் பக்கம் நியாயமாக இருப்பது இந்தப் பக்கமும் நியாயமாகத்தான் இருக்க வேண்டும். 12 ஆண்டாகக் குறைக்கக் கோரும் தீர்மானம் இந்த ஆண்டும் முதலிடத்தில் வைக்கப்படும்.

இரண்டு செய்திகளை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடித்தம் போக மிஞ்சிய தொகைக்கு அல்ல, முழு அடிப்படை ஓய்வூதியத்துக்கே அகவிலைப்படி கணக்கிடப்பட வேண்டும். தொகுத்துப் பெற்றதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தில் எதுவும் பிடிக்கக் கூடாது. உங்கள் மாதச் சீட்டைக் கொண்டுவந்தால் இரண்டையும் சரிபார்த்துத் தருகிறோம்.

வேறு என்ன தீர்மானங்கள்?

கூடுதல் ஓய்வூதியத்தை 70 வயதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் ரயில் கட்டணச் சலுகையை மீண்டும் வழங்க வேண்டும் என்பது மற்றொன்று. மாதம் 300 ரூபாய் மருத்துவப்படியை உயர்த்தக் கோருவது மூன்றாவது. உறுப்பினர்கள் புதிய தீர்மானங்களை எழுதிக் கொடுக்கலாம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக வந்தால்தான் அச்சில் சேர்க்க முடியும்.

நான் 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் என்ன பயன்?

2003 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ பணியில் சேர்ந்தவர்கள், சம்பளத்திலிருந்து தாமும் ஒரு பங்கைச் செலுத்தும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தவர்கள். மேலே சொன்ன பலவும் அவர்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. அதனால் அவர்கள் நமக்கு அயலார் ஆகிவிட மாட்டார்கள். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்து ஒரே வேலையைச் செய்தவர்களில் ஒருவருக்கு ஓய்வூதியமும் மற்றவருக்கு நிச்சயமின்மையும் என்பது நகாரா தீர்ப்பின் மனப்பான்மைக்கே பொருந்தாதது என்பது என் உறுதியான கருத்து. அவர்களுடைய பங்களிப்புக் கணக்கைச் சரிபார்க்க ஓர் உறுப்பினர் அன்று இருப்பார்.

ஓய்வூதியம் நிற்கப் போகிறது என்று தொலைபேசியில் யாரோ மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

இணைப்பைத் துண்டியுங்கள். கருவூலமோ வங்கியோ தொலைபேசியில் கடவுச்சொல், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண், அட்டை எண் எதையும் கேட்பதில்லை. வாழ்நாள் சான்று புதுப்பிப்பதாகச் சொல்லிக் கைபேசிக்கு இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நன்கு படித்த, பொறுப்பான பதவிகளில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

எப்படி வருவது? தங்க இடம் உண்டா?

புனலூர்ப் பக்கமிருந்து வருவோருக்கு ரயில் வசதியானது. 1904இல் போடப்பட்ட மலைப்பாதை அகலப் பாதையாக மாறி 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்துக்கு மேலாக வரும் அந்தப் பயணம் பேருந்தின் வளைவுகளைவிட முதுகுக்கு இதமானது. தென்காசி–கொல்லம் சாலையில் இரு மாநில அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. தென்காசியிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்தினம் வருவோர் குற்றாலத்தில் தங்கலாம். பிப்ரவரியில் அறைகள் எளிதாகக் கிடைக்கும்.

உணவு, கழிப்பறை, படி ஏறுதல்?

மண்டபம் தரைத்தளத்தில் உள்ளது. மதிய உணவு பன்னிரண்டரைக்குப் பரிமாறப்படும். இன்சுலின் போடுபவர்கள் பலர் இருப்பதால் எந்த உரைக்காகவும் அந்த நேரத்தைத் தள்ளிவைக்க மாட்டோம். சோறு, சாம்பார், அவியல், ரசம், மோர்; சர்க்கரை உள்ளவர்களுக்கு பாயசத்துக்கு மாற்றாகச் சுண்டல். கட்டணம் இல்லை.

படுக்கையில் இருப்பவருக்காக வேறு யாராவது வரலாமா?

வரலாம். மகனோ மகளோ மருமகளோ, கொடுப்பாணை நகலும் இருவரின் ஆதார் நகலும் கொண்டு வந்தால் போதும். கையெழுத்திட இயலாதவர் விரல் ரேகை வைத்த விண்ணப்பத்துக்கு இரு சாட்சிகள் வேண்டும். வாழ்நாள் சான்றை மட்டும் வேறொருவர் கொடுக்க முடியாது. அதற்கு வீட்டு முகவரியையும் வசதியான நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கூட்டத்துக்கு அடுத்த வாரத்தில், செங்கோட்டை, தென்காசிப் பகுதி வீடுகளுக்கு எங்கள் தன்னார்வ உறுப்பினர்கள் கைபேசியோடு வந்து முகத்தைப் பதிவு செய்து தருவார்கள். ஆரியங்காவு முதல் புனலூர் வரை உள்ள வீடுகளுக்கு அந்தந்த ஊர்த் தபால்காரரிடம் நாங்களே சொல்லி ஏற்பாடு செய்கிறோம்.